ஒரு வாக்கும் விழாமல் நீதிபதியானவன்

சுவிஸில் நாங்கள் இருக்கிற கன்டோனில், அதாவது மாகாணத்தில், இப்போது ஒரு கதை அடிபடுகிறது. சட்டம் படிக்காத ஆட்களை நீதிமன்றத்தில் கதிரை போட்டு இருத்துவது இன்னும் தேவைதானா, எல்லாவற்றையும் படித்தவர்களிடமே விட்டுவிட்டால் என்ன என்று. இது காதில் விழுந்ததும் தமிழ்ப் பள்ளி ஆண்டு மலர்க் குழுவுக்கு என் ஞாபகம் வந்திருக்கிறது. சட்டம் படிக்காதவன் என்றால் சோலோதுர்னில் எல்லோருக்கும் முதலில் நினைவு வருவது நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. சட்டம் மட்டுமல்ல, கணக்கும் படிக்கவில்லை, பூமிசாஸ்திரமும் படிக்கவில்லை. எட்டாம் வகுப்பில் வாத்தியாரும் நானும் ஒருவருக்கொருவர் போதும் என்று முடிவெடுத்துப் பிரிந்துவிட்டோம். பிறகு எப்படி நீதிபதி ஆனாய் என்று கேட்டால், அதுதான் இந்த நாட்டின் அழகு.

விளங்காதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் வட்டார நீதிமன்றத்தில் பெரிய வழக்கென்றால் மேடையில் மூன்று பேர் இருப்பார்கள். நடுவில் இருப்பவர் தலைவர், சட்டம் படித்தவர். இரண்டு பக்கமும் இருப்பவர்கள் ஊர் மக்கள். பால்காரராக இருக்கலாம், தையல்காரியாக இருக்கலாம். இவர்களையும் மக்கள்தான் தேர்தலில் தெரிவு செய்வார்கள். தீர்ப்பென்று வரும்போது மூன்று பேருக்கும் ஆளுக்கொரு வாக்கு. என்னுடைய வாக்கும் தலைவரின் வாக்கும் ஒரே நிறை. இதை முதன்முதலில் கேட்டபோது நான் சிரித்தேன். தலைவர் சிரிக்கவில்லை.

நான் ஆஸ்பத்திரிக் குசினியில் வேலை செய்தவன். சட்டி கழுவத் தொடங்கி, மரக்கறி வெட்டி, கடைசியில் சூப் பொறுப்பாளர் வரை உயர்ந்தேன். என்னுடைய சூப்பைக் குடித்துவிட்டு எழும்பி வீட்டுக்குப் போனவர்கள் அதிகம். அங்கே இருந்து தப்பினால் போதும் என்று போனார்கள் எனக் குசினித் தலைவர் பீட்டர் சொல்வார். இந்தப் பீட்டர் ஒரு கட்சியின் உள்ளூர்ச் செயலாளர். எனக்குப் பிரஜாவுரிமை கிடைத்த வருடம் கட்சிக் கூட்டத்துக்குக் கொத்துரொட்டி போட்டுக் கொடுக்கக் கூப்பிட்டார். போட்டேன். சாப்பிட்டவர்கள் என்னைக் கட்சியில் சேர்த்துவிட்டார்கள்.

அடுத்த தேர்தலில் அந்தக் கட்சிக்கு ஒரு பக்கக் கதிரை நீதிபதி தேவைப்பட்டது. யாரும் முன்வரவில்லை. பீட்டர் என்னைப் பார்த்தார்.

"சிவா, உனக்குப் பொறுமை இருக்கு. மற்றவை கதைக்கேக்க கேட்டுக்கொண்டு நிப்பாய். அதுதான் வேலை."

அவர் பேசியது சுவிஸ் டொச், இந்த ஊர் ஜெர்மன். எனக்குக் காதில் விழுந்தது யாழ்ப்பாணத் தமிழ். இந்தக் கட்டுரையில் வருகிற எல்லாச் சுவிஸ்காரரும் அப்படித்தான் கதைப்பார்கள், கோபிக்க வேண்டாம்.

நான் பேச்சு மேடை, சுவரொட்டி, மாலை எல்லாம் எதிர்பார்த்தேன். ஒரு படம்கூட எடுத்து வைத்தேன், கோட் போட்டு. ஒன்றும் தேவைப்படவில்லை. எத்தனை கதிரையோ அத்தனை பேர்தான் பெயர் கொடுத்திருந்தார்கள். அப்படியென்றால் இங்கே வாக்கெடுப்பே கிடையாது. பெயர் கொடுத்தவர் வென்றவர். இதற்குச் சத்தமில்லாத தேர்தல் என்று பெயர்.

வீட்டுக்கு வந்து மனைவி கமலாவிடம் சொன்னேன்.

"எத்தினை வோட்டு விழுந்தது?" என்றாள்.

"ஒண்டும் விழேல்லை."

"ஐயோ, அப்ப தோத்துப்போனீங்களோ?"

"இல்லையப்பா, வெண்டிட்டன்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "இஞ்சாருங்கோ, இந்த நாட்டை ஆர் நடத்தினம்?"

படிப்பித்தல் என்று இரண்டு நாள் வகுப்பு வைத்தார்கள். ஒரு நாள் சட்டம், ஒரு நாள் ஒழுக்கம். சட்டம் விளங்கவில்லை. ஒழுக்கத்தில் மூன்று விஷயம் மட்டும் மனதில் நின்றது. வழக்கைப் பற்றி வீட்டில் மூச்சு விடக்கூடாது. தெரிந்தவர் வழக்கென்றால் முன்கூட்டிச் சொல்லவேண்டும். விசாரணை நேரம் நித்திரை கொள்ளக்கூடாது. மூன்றாவதுதான் கஷ்டம் என்று நினைத்தேன். இல்லை, முதலாவதுதான். கமலாவிடம் ஒன்றைச் சொல்லாமல் இருப்பது நீதி பரிபாலனத்தின் கடினமான பகுதி.

எங்கள் தலைவருக்குப் பெயர் ஆம்மன். இந்த நாட்டில் சாதாரணக் குடும்பப் பெயர். கமலா அதைக் கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்டாள். "பேரே அம்மன். அவவுக்கு முன்னால பகிடி விட்டுத் துலைச்சிடாதேங்கோ," என்றாள்.

ஆம்மன் அம்மையாரைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாக எழுதவேண்டும். நெட்டையான பெண். நரைத்த முடியைக் கட்டையாக வெட்டியிருப்பார். வரும்போது கையில் ஒரு சிறு மெத்தை கொண்டு வருவார், நீதிமன்றக் கதிரை நல்லவர்களையும் கோபக்காரராக்கும் என்று சொல்லி. விசாரணையில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. பொய் சொல்கிறவரிடம் இன்னும் மெதுவாகக் கதைப்பார். அந்த ஆள் காதைக் கொடுத்து முன்னால் சாய்வார். சாய்கிறவர் ஏதோ ஒரு கட்டத்தில் உண்மைக்குள் விழுந்துவிடுவார்.

கேள்விகளை முடித்ததும் முதலில் இடது பக்கம் திரும்புவார். அங்கே உர்ஸ், மாட்டுப் பண்ணைக்காரர். பிறகு வலது பக்கம் திரும்புவார். அங்கே நான். "உங்களிட்டக் கேள்வி இருக்கோ?" என்று இருவரிடமும் ஒரே மாதிரிக் கேட்பார். முதல் வருடம் முழுவதும் நான் இல்லை, நன்றி என்றேன். கேட்டால் என் டொச்சில் இருக்கிற ஓட்டை எல்லாம் மைக்கில் வருமே.

விசாரணை முடிந்து மூவரும் பின்னறைக்குப் போவோம். அவர் முதலில் யன்னலைத் திறப்பார், வக்கீல்மாரின் பேச்சு வெளியே போகட்டும் என்று. பிறகு பையிலிருந்து ஒரு அப்பிளையும் சின்னக் கத்தியையும் எடுப்பார். தோலை அறாமல் ஒரே சுருளாகச் சீவுவார். சீவிக்கொண்டே சொல்வார்: "தொடங்குங்கோ."

அந்த அறையில் படிக்காதவர்கள்தான் முதலில் பேசவேண்டும். அது அவர் வைத்த முறை. தான் முதலில் வாய் திறந்தால் நாங்கள் இருவரும் தலையாட்டிவிடுவோம் என்று அவருக்குத் தெரியும். நாங்கள் பேசி முடியும் வரை அவர் முகத்தில் ஒன்றும் தெரியாது, கண் அப்பிளில் இருக்கும். நான் ஆரம்பத்தில் அவருடைய அபிப்பிராயத்தைக் கண்டுபிடிக்க அப்பிள் தோலைப் பார்த்தேன். தோல் தடிப்பாக விழுந்தால் குற்றவாளி, மெல்லிசாக விழுந்தால் நிரபராதி என்று ஒரு சாத்திரம் வைத்திருந்தேன். பிறகுதான் விளங்கியது, அது அப்பிளின் சாதியைப் பொறுத்தது.

இப்படி இரண்டு தேர்தல் போனது. இரண்டும் சத்தமில்லாத தேர்தல். சண்டை, களவு, வீடு உடைத்தது, விவாகரத்து எல்லாம் பார்த்தேன். காலையில் மனிதனின் வாழ்க்கையைப் பற்றித் தீர்மானம், பின்னேரம் குசினியில் கரட் சீவல். இரண்டிலும் கை வெட்டிக்கொள்ளாமல் இருந்தால் போதும்.

பிறகுதான் தயாவின் வழக்கு வந்தது.

தயாளனை இங்கே எல்லோருக்கும் தெரியும். தமிழ்ப் பிள்ளைகளில் எங்கள் நகரில் பஸ் ஓட்டிய முதலாவது ஆள். சீருடை போட்டு, கறுப்புக் கண்ணாடி மாட்டி, அந்த நீளமான பஸ்ஸைப் பழைய நகரின் ஒடுங்கிய வளைவில் திருப்பும்போது எங்கள் ஆட்கள் நின்று பார்ப்பார்கள். ஏதோ தாங்களே திருப்புவது மாதிரி.

ஒரு மழைநாள் பின்னேரம் அவனுடைய பஸ் ஒரு தரிப்பிடத்திலிருந்து புறப்பட்டபோது மோசர் என்ற முதியவரின் கால் பின்சில்லுக்குள் போய்விட்டது. காலை முழங்காலுக்கு மேல் எடுக்கவேண்டி வந்தது. மோசர் ஒரு மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். கவனக்குறைவால் பெரும் காயம் என்று தயாமேல் வழக்கு.

மோசர் சொன்னது இதுதான். தான் ஓடிவந்து நடுக்கதவுக் கண்ணாடியில் தட்டியதாகவும், கைத்தடியைத் தூக்கிக் காட்டியதாகவும், சாரதி கதவுகள் இருக்கிற வலப்பக்கக் கண்ணாடியைப் பார்த்திருந்தால் தன்னைக் கண்டிருப்பார் என்றும். தயா சொன்னது இது. பார்த்தேன், ஒருவரும் இல்லை. தயாவின் வக்கீல் இன்னொன்றைப் பிடித்துக்கொண்டார். மோசர் அன்று உணவகத்தில் சீட்டு விளையாடிவிட்டு, பியர் குடித்துவிட்டு வந்தவர். தானே தடுமாறிச் சில்லுக்குள் விழுந்திருக்கிறார். பழைய பஸ், கமெரா கிடையாது. பயணிகள் ஒருவரும் ஒன்றையும் பார்க்கவில்லை.

வழக்குக் கோவையில் தயாவின் பெயரைக் கண்டதும் நான் தலைவரிடம் போனேன்.

"இந்த ஆளைத் தெரியும்," என்றேன்.

"எப்பிடித் தெரியும்?"

"கலியாணத்துக்குப் போனனான்."

"நெருங்கின சிநேகிதமோ?"

"ஐந்நூறு பேர் வந்தவை. நான் சமையல் பக்கம் இருந்தனான். மாப்பிள்ளையைவிட வடைக்குக் கிட்ட."

அவர் யோசித்தார். "நீங்கள் வருத்தமாப் படுத்தா அவர் பாக்க வருவாரோ?"

"எங்கட ஆக்கள் எல்லாரும் வருவினம். அது வருத்தத்தைவிடக் கஷ்டம்."

அவர் சிரிக்கவில்லை, ஆனால் குறித்துக்கொண்டார். இரண்டு தரப்புக்கும் அறிவித்தார். அரச தரப்பு ஆட்சேபிக்கவில்லை. தயாவின் வக்கீல் ஆட்சேபிப்பாரா? அவருக்குச் சந்தோஷம். ஆக நான் அந்தக் கதிரையில் இருந்தேன்.

கோவையை நீதிமன்றத்திலேயே இருந்துதான் வாசிக்கவேண்டும். நான் மெதுவாக வாசிக்கிறவன், விரலை வைத்து. பின் ஆசனத்தில் இருந்த ஒரு மாணவியின் வாக்குமூலத்தில் ஒரு வரி இருந்தது. அந்தத் தரிப்பிடத்தில் ஒரு வயதான அம்மா, நிறமான நீளத் துணி உடுத்தவர், முன்கதவால் ஏறினார். அவ்வளவுதான். அந்த அம்மாவைப் பொலிஸ் தேடியிருக்கிறது, கிடைக்கவில்லை. பஸ்ஸில் ஒருவருக்கும் விபத்துத் தெரியாமல் அது அடுத்த தரிப்பு வரை போயிருக்கிறது, அவர் அங்கே இறங்கிப் போய்விட்டாராம்.

என் விரல் அந்த வரியில் நின்றுவிட்டது.

இந்த நாட்டில் பஸ்ஸில் எந்தக் கதவாலும் ஏறலாம். டிக்கட்டை ஒருவரும் வாசலில் பார்ப்பதில்லை. மழைநாளில் எது கிட்டவோ அதால் ஏறுவார்கள். ஒரு தமிழ் ஆச்சி, மழைக்குள் பஸ்ஸின் நுனி வரை நடந்து போய் முன்கதவால் ஏறுகிறா என்றால் அதற்கு ஒரே ஒரு காரணம்தான். சாரதி எங்கட பொடியன். எங்கட பொடியனைக் கண்டுவிட்டுச் சுகம் விசாரிக்காமல் பின்னால் போய் இருப்பது மரியாதை இல்லை. அவ கேட்டால், பெரிய ஆள் கேட்கிறா, ரோட்டைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்வதும் மரியாதை இல்லை. முகத்தைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். சாரதியோடு கதைக்கவேண்டாம் என்று பஸ்ஸில் எழுதி ஒட்டியிருக்கிறது. அது எங்களுக்கு எழுதியது என்று எங்களில் எவர் நினைத்தார்?

அன்று வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். கமலா கேட்டாள், என்ன என்று. வழக்கென்றேன். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆம்மன் என்ற பெயர் அவளையும் கட்டுப்படுத்தியிருந்தது.

விசாரணை நாள் மண்டபம் நிறைந்திருந்தது. எங்கள் ஆட்கள் மூன்று வரிசை. நாங்கள் உள்ளே வந்தபோது எல்லோரும் எழும்பினார்கள். வழக்கமாக எனக்கு அந்த இடம் பிடிக்கும், எட்டாம் வகுப்பு வாத்தியார் பார்த்தால் என்ன சொல்வார் என்று நினைப்பேன். அன்று நினைக்கவில்லை. என்னைக் கண்டதும் எங்கள் ஆட்களின் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அதுதான் என்னைக் கொன்றது.

மோசரைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். வக்கீல் பியரைப் பற்றிக் கேட்டார். எத்தனை கிளாஸ், எவ்வளவு நேரம், வீட்டுக்கு எத்தனை முறை தடுமாறிப் போயிருக்கிறீர்கள். மோசர் முதலில் பதில் சொன்னார். பிறகு கைத்தடியை நிலத்தில் குத்தினார்.

"காலைத்தான் எடுத்துப்போட்டியள். இப்ப என்னைக் குடிகாரனும் ஆக்கிப்போட்டு அனுப்பப் போறியளோ? நான் தட்டினனான். அவன் பாக்கேல்லை. அவ்வளவுதான்."

அவருக்கு வேண்டியது அதுதான். தயாவை உள்ளே போடவேண்டும் என்றுகூட அவர் சொல்லவில்லை. தான் தட்டியதை ஒருவர் நம்பவேண்டும்.

அடுத்து தயா. சீருடை இல்லாமல் அவன் சின்னப் பொடியனாகத் தெரிந்தான். ஆம்மன் அம்மையார் மெதுவாகக் கேட்டார். கண்ணாடி பார்த்தீர்களா? பார்த்தேன். எது எது? இடது, உள், வலது. ஒருவரும் இல்லையா? இல்லை. அவனுடைய டொச் என்னுடையதைவிட நல்லது. பாடமாக்கினது மாதிரி வந்தது.

தலைவர் இடப்பக்கம் திரும்பினார். "கேள்வி இருக்கோ?"

உர்ஸ் இல்லை என்றார்.

வலப்பக்கம் திரும்பினார். "உங்களிட்ட?"

வாய் பழக்கத்தில் இல்லை என்று சொல்லத் திறந்தது. மோசர் என்னைப் பார்க்கவில்லை, தன்னுடைய இல்லாத காலின் மேல் மடித்துக் குத்தியிருந்த காற்சட்டையைத் தடவிக்கொண்டிருந்தார். தயா என்னைப் பார்த்தான். சிநேகமாக.

"இருக்கு," என்றேன்.

தலைவர் தலையசைத்தார்.

என் டொச்சுக்கு எவ்வளவு சின்ன வசனம் முடியுமோ அவ்வளவு சின்னதாகக் கேட்டேன். "முன்கதவால ஏறின அம்மா உங்களோட கதைச்சவவோ?"

தயாவின் முகம் மாறியது. "அண்ணை..." என்றான், தமிழில்.

"டொச்சில," என்றார் தலைவர், மிக மெதுவாக.

பின் வரிசையில் எங்கள் ஆட்களில் ஒருவர் இருமினார். நான் மேசையைப் பார்த்தேன். 

"கதைச்சவ," என்றான் தயா. "ஊரில அம்மாவுக்கு ஒப்பரேசன் முடிஞ்சதோ எண்டு கேட்டவ. நான் திரும்பி, முடிஞ்சுது, சுகமா இருக்கிறா எண்டு சொன்னனான். சொல்லிக்கொண்டு எடுத்திட்டன்."

"வலப்பக்கக் கண்ணாடி?" என்றார் தலைவர்.

அவன் தலையைக் குனிந்தான். "பாக்கேல்லை."

"ஏன் முதலே சொல்லேல்லை?"

"அவ வயசான மனிசி. தான் கேட்டதாலதான் ஒருத்தருக்குக் கால் போனது எண்டு தெரிஞ்சா சாப்பிடாமல் கிடந்து செத்துப்போவா. அவவின்ர பேரை மட்டும் கேக்காதேங்கோ."

"கேக்கமாட்டன்," என்றார் தலைவர். "அது இந்த வழக்குக்குத் தேவையில்லை."

மோசர் கைத்தடியை மடியில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். நித்திரை கொள்வது மாதிரி இருந்தது. அப்படி இல்லை.

பின்னறை. யன்னல் திறந்தது. அப்பிள் வந்தது. "தொடங்குங்கோ, திரு சிவபாலன்."

எனக்குப் பகிடிதான் வாயில் வந்தது. முன்கதவைப் பூட்டிவைத்தால் தமிழரின் விபத்தெல்லாம் குறைந்துவிடும் என்று ஏதோ சொன்னேன். தலைவர் கத்தியைக் கீழே வைத்தார். அப்பிள் பாதி சீவினபடி. அதற்கு முன்னும் பின்னும் அவர் பாதியில் நிறுத்தி நான் கண்டதில்லை.

"இண்டைக்கு வேண்டாம்," என்றார்.

உர்ஸ் எனக்காகக் கதைத்தார். "நானும் டிராக்டரை ரிவேர்ஸ் எடுக்கேக்க மாட்டோட கதைச்சிருக்கிறன். அண்டைக்குப் பின்னால ஒருத்தரும் நிக்கேல்லை. அவ்வளவுதான் எனக்கும் அவருக்கும் வித்தியாசம்." பிறகு சொன்னார்: "ஆனா அந்த வித்தியாசம் ஒரு கால்."

பிறகு நான் சொன்னேன். குற்றவாளி என்று. டொச்சில் அது ஒரு சின்னச் சொல். என் வாயிலிருந்து வர அது குசினிச் சட்டியைவிடப் பாரமாக இருந்தது. தண்டனை ஒத்திவைத்த தண்டனை. சிறைக்குப் போகவேண்டியதில்லை. லைசென்ஸை வேறொரு அலுவலகம் ஒரு காலத்துக்கு எடுத்துக்கொண்டது. பஸ் போனது.

எல்லாம் முடிந்து மெத்தையை எடுக்கும்போது ஆம்மன் அம்மையார் சொன்னார்: "அந்த வரியை நானும் கோடு போட்டு வைச்சிருந்தன். நீங்கள் கேக்காட்டி நான் கேட்டிருப்பன்."

எனக்குக் கோபம் வந்தது. "அப்ப முதலே கேட்டிருக்கலாமே! நான் ஏன் இடையில?"

"காலமையிலயிருந்து உங்கட முகம் புளிச்ச பால் மாதிரி இருந்தது. அது கேள்வியோ, வயிற்றுக்குத்தோ எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்." கதவடியில் நின்று சொன்னார்: "நான் கேட்டிருந்தா அவர் இல்லை எண்டிருப்பார்."

அதற்கு அடுத்த சனிக்கிழமை கோயிலுக்குப் போனோம். என் பக்கத்தில் இடம் தாராளமாக இருந்தது. வழக்கமாக அன்னதானத்தில் என் பகிடிக்கு ஒரு கூட்டம் சேரும். அன்று நான் பருப்போடு தனியாகக் கதைத்தேன்.

ஒருவர் மட்டும் கிட்ட வந்தார். பெயர் வேண்டாம். "என்ன பாலா, எங்கட ஆள் எண்டு நினைச்சம். சுவிஸ்காரன்கூடக் கேக்காததை நீ கேட்டனியாம்."

"வாய் தவறிப்போச்சு அண்ணை," என்றேன். வேறு என்ன சொல்வது?

கமலாவுக்குத்தான் பெரிய நட்டம். பெண்பிள்ளை வயதுக்கு வந்த சாமத்திய வீட்டு அழைப்பு நின்றது. கலியாண அழைப்பு நின்றது. ஒரு நாள் அலுமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். "புதுச் சீலை ரண்டு கிடக்கு. கட்டிக்கொண்டு போக இடமில்லை. குசினிக்குக் கட்டிக்கொண்டு வரட்டோ?"

"நான் கேக்காமல் விட்டிருக்கலாமோ?" என்றேன்.

அவள் அலுமாரியை மூடினாள். "அந்தக் கிழவன் என்ர அப்பாவா இருந்தா, நீங்கள் கேக்காமல் வந்திருந்தா, நான் சோறு தந்திருக்கமாட்டன்." பிறகு, "ஆனா சீலை வடிவான சீலை," என்றாள்.

அடுத்த தேர்தலில் முதன்முறையாகச் சத்தம் வந்தது. இன்னொரு கட்சி ஓர் இளம் வக்கீலை நிறுத்தியது. நல்ல பிள்ளை, நல்ல பல்லு. எனக்குக் கடைசியில் அந்தக் கோட் போட்ட படம் பயன்பட்டது. பீட்டர் அதைத் துண்டுப்பிரசுரத்தில் போட்டார். கொத்துரொட்டியும் போட்டோம். சுவிஸ்காரர் வந்து சாப்பிட்டுவிட்டு, கை குலுக்கிவிட்டு, வக்கீலுக்குப் போட்டார்கள். எங்கள் ஆட்கள் சாப்பிடவும் வரவில்லை. நான் தோற்றேன், கொஞ்ச நஞ்சமாக அல்ல. எங்கள் ஆட்கள் மட்டும் சேர்ந்து என்னை அவ்வளவு தோற்கடிக்கப் போதாது. சுவிஸ்காரரும் தாராளமாக உதவி செய்திருந்தார்கள்.

"இந்தமுறை எத்தினை வோட்டு?" என்றாள் கமலா.

"கனக்க விழுந்தது."

"அப்ப தோத்திட்டீங்கள்," என்றாள். அவளுக்கு இந்த நாடு விளங்கத் தொடங்கியிருந்தது.

வென்ற பிள்ளைக்குச் சில மாதத்தில் தலைநகர் பேர்ணில் பெரிய வேலை கிடைத்து வீடு மாறிப்போனார். எங்கள் வட்டாரத்தில் வசிக்காதவர் எங்கள் நீதிபதியாக இருக்க முடியாது. வெற்றுக் கதிரைக்கு மறுபடி ஆள் தேடினார்கள். மறுபடி ஒருவரும் இல்லை. மறுபடி பீட்டர் என்னைப் பார்த்தார். மறுபடி சத்தமில்லாத தேர்தல். மக்கள் வாக்குப் போட்ட ஒரே தடவை நான் தோற்றேன், போடாத தடவை எல்லாம் வென்றேன். ஆம்மன் அம்மையார் என்னைக் கண்டதும் எழும்பிவந்து கை தந்தார். "கதிரை உங்கட பக்கம் கொஞ்சம் சாய்ஞ்சு போச்சு. புதுப் பிள்ளைக்குச் சரிவரேல்லை," என்றார். அவரும் நானும் ஒரே வருடத்தில்தான் ஓய்வு பெற்றோம். அந்தப் பின்னறையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அப்பிள் மணக்கும்.

இந்தக் கட்டுரைக்குச் சம்மதித்த அடுத்த நாள் ஸ்டேசனடியில் பஸ்ஸுக்குப் போனேன். பஸ் புறப்பட நேரம் இருந்தது. சாரதி கீழே இறங்கி நின்றான். தயா. கொஞ்சக் காலம் டிப்போவில் பஸ் கழுவி, மறுபடி சோதனை எழுதி, மறுபடி ஓட்டுகிறான் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவனுடைய பஸ்ஸில் நான் ஏறினதில்லை. வந்தால் அடுத்ததுக்கு நின்றுவிடுவேன். அன்று பார்க்காமல் கிட்டப் போய்விட்டேன்.

"அண்ணை," என்றான். "எலெக்‌ஷனுக்கு நான் உங்களுக்கு வோட்டுப் போடேல்லை."

"தெரியும்."

"இனியும் போடமாட்டன்."

"இனி நான் நிக்கவும் இல்லையடா."

அவனுக்குச் சிரிப்பு வந்ததா என்று சொல்லத் தெரியாது. நேரமாகிவிட்டது, ஏறிவிட்டான். நான் நடுக்கதவால் ஏறினேன்.

மூன்றாவது தரிப்பில் ஒரு சக்கர நாற்காலி நின்றது. தயா பிரேக் போட்டு, இறங்கி வந்து, நடுக்கதவில் மடித்திருந்த பலகையைக் குனிந்து விரித்துவிட்டான்.  நாற்காலி உள்ளே வந்து எனக்குப் பக்கத்தில் நின்றது. மோசர். இன்னும் மெலிந்திருந்தார். தயா பலகையை மடித்து, கையைத் துடைத்து, முன்னால் போனான்.

மோசர் என்னை உற்றுப் பார்த்தார். "நீர் அந்தப் பக்கத்துக் கதிரை ஆள் எல்லோ?"

"ஓம்," என்றேன். "இப்ப ஓய்வு."

"நானும்," என்றார்.

வாய் சும்மா இருக்காது எனக்கு. குரலைத் தாழ்த்திக் கேட்டேன். "இவரின்ர பஸ்ஸில ஏற உங்களுக்குப் பயமில்லையோ?"

"இவன்ர பஸ்ஸுக்குத்தான் நான் பாத்துக்கொண்டு நிக்கிறது. மற்றது வந்தா விட்டிடுவன்." மோசர் முன்னால் பார்த்தார். "மற்ற ஓட்டிகள் பாப்பாங்களோ மாட்டாங்களோ ஆருக்குத் தெரியும்? இவன் பாப்பான் எண்டு எனக்கு நிச்சயமாத் தெரியும்."

பஸ் இன்னும் எடுக்கவில்லை. முன்னால் தயாவின் தலை இடப்பக்கம் போனது, உள்ளே பார்த்தது, வலப்பக்கம் போய் நின்றது. மறுபடி ஒரு முறை போய் நின்றது. பின் ஆசனத்தில் யாரோ மணிக்கூட்டைப் பார்த்து, இந்த பஸ் இன்றைக்கு எடுக்குமா எடுக்காதா என்று முணுமுணுத்தார்.

மோசர் திரும்பாமலே சொன்னார்: "பாக்கட்டும், விடும்."